எலக்ட்ரான் ராக்கெட்டின் அடுக்குகளை எடைபோட்ட கதை – உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

தொடங்கியவர்

2018 ஜனவரி 21 அன்று நியூசிலாந்தின் மாஹியாவிலிருந்து கிளம்பிய ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலக்ட்ரான் ராக்கெட் முதன்முறையாகச் சுற்றுப்பாதையை எட்டியது. அந்த வீடியோவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அப்போது அது 17 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் விட்டம், கிளம்பும்போது ஏறத்தாழ 12.5 டன். இவ்வளவு ஒல்லியான ராக்கெட்டில் எந்த அடுக்கு (ஒன்று எரிந்து முடிந்து கழன்றதும் அதற்கு மேலுள்ளது எரியும்) எவ்வளவு சுமக்கிறது, எரிபொருள் தீர்ந்தபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று நானே கண்டுபிடித்துப் பார்க்க ஆசை.

முதலில் கிளம்பும் எடையைச் சரிபார்த்தேன். ராக்கெட் தன் உயரத்தைத் தானே தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தால் போதும். தரையில் உந்துவிசை 162 கிலோநியூட்டன். எடை 12.5 டன் என்றால் 17 மீட்டர் ஏற 3.3 வினாடி ஆகும், 13 டன் என்றால் 3.6 வினாடி. அரை டன் வித்தியாசம் வெறும் 0.3 வினாடியில் ஒளிந்திருக்கிறது. பிடி விட்ட கணம் எது என்பது புகையில் சரியாகத் தெரியாது. ஆனாலும் 12.5 டன் பொருந்தி வந்தது.

அடுத்து முதல் அடுக்கின் உந்துபொருள், அதாவது கெரசினும் அதை எரிக்கும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்த எடை. இங்கேதான் சறுக்கினேன். அப்போது சொல்லப்பட்ட ஐஎஸ்பி 303 வினாடி. ஒவ்வொரு கிலோ உந்துபொருளும் எவ்வளவு தள்ளுகிறது என்பதன் அளவு அது. 162 கிலோநியூட்டனை 303 × 9.81 ஆல் வகுத்தால் வினாடிக்கு 54.5 கிலோ. சுமார் 150 வினாடி எரிகிறது, ஆக 8.2 டன். 12.5-இல் அதைக் கழித்து, மேலே இருக்கும் எல்லாவற்றுக்கும் 2.5 டன் விட்டால், முதல் அடுக்கின் காலி எடை 1.8 டன். கார்பன் இழையில் செய்த உடலுக்கு இது மிக அதிகம்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. 303 என்பது வெற்றிடத்துக்கான எண். அதைத் தரைமட்ட உந்துவிசையோடு சேர்த்துவிட்டேன். வெற்றிட உந்துவிசை 192 கிலோநியூட்டன். அதை வைத்து வகுத்தால் வினாடிக்கு 64.6 கிலோ, மொத்தம் 9.7 டன். சரி, பிரச்சினை தீர்ந்தது என்று கழித்துப் பார்த்தால் காலி எடை 300 கிலோ! முதல் அடுக்கில் இருப்பவை ரூதர்ஃபோர்ட் என்ற எஞ்சின்கள், ஒன்று சுமார் 35 கிலோ. ஒன்பது எஞ்சினுக்கே 315 கிலோ ஆகிவிடுகிறது.

150 வினாடியும் முழு விசையில் எரிகிறது என்று எடுத்துக்கொண்டதுதான் இந்த முறை பிழை. ஏழு வினாடி முன்பின் ஆனாலே 450 கிலோ போய்விடுகிறது. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சின்ன எண்ணைத் தேடும்போது இந்த அவஸ்தைதான். நீங்கள் எல்லாம் இதை எப்படிக் கடந்தீர்கள்?

மறுமொழி 1

நண்பரே, நானும் இதே இடத்தில் நின்றேன். நேரத்தை விட்டுவிட்டுத் தொட்டியின் கொள்ளளவுக்குப் போன பிறகுதான் வழி கிடைத்தது.

எலக்ட்ரானின் உடல் கறுப்பு. திரவ ஆக்சிஜன் நிரப்பியதும் அந்தத் தொட்டி இருக்கும் பகுதி மட்டும் உறைபனியால் வெளுத்துவிடும். தொட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ராக்கெட்டே கோடு போட்டுக் காட்டுகிறது. ஏவுதளத்தில் நிற்கும்போது தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கீழேயிருந்து அண்ணாந்து எடுத்த படம் வேண்டாம், நீளம் குறுகிக் காட்டும். 1.2 மீட்டர் விட்டத்தை அளவுகோலாக வைத்து அளந்ததில் வெள்ளைப் பகுதி 5.3 மீட்டர் வந்தது.

குறுக்குப்பரப்பு 1.13 சதுர மீட்டர், ஆக 6 கன மீட்டர். வளைந்த மூடிகளுக்கும் மேலே விடும் காலி இடத்துக்கும் 5 சதவீதம் கழித்தேன். திரவ ஆக்சிஜன் ஒரு கன மீட்டருக்கு 1.14 டன் என்பதால் சுமார் 6.5 டன். கெரசின் எஞ்சின்களில் ஒரு பங்கு கெரசினுக்கு 2.3 முதல் 2.6 பங்கு ஆக்சிஜன் போகும். இரண்டையும் கூட்டினால் 9 முதல் 9.3 டன். பரவலாகச் சொல்லப்படும் 9.25 டன் இதற்குள் அடங்குகிறது. உங்கள் கழித்தலில் இதைப் போட்டால் காலி எடை 700 கிலோவிலிருந்து ஒரு டன்னுக்குள் வரும்.

உறைபனியின் விளிம்பு மங்கலாக இருப்பதுதான் ஒரே தொல்லை. 10 சென்டிமீட்டர் தவறினால் மொத்தத்தில் 180 கிலோ தவறும்.

மறுமொழி 2

நான் வந்த வழி வேறு. காலி எடைக்குள் என்னென்ன இருக்கிறது என்று உள்ளே போய்க் கூட்டினேன். எலக்ட்ரானில் பம்புகளைச் சுழற்றுவது மின்மோட்டார்கள், அவற்றுக்கு பேட்டரி வேண்டும். முதல் அடுக்குக்கு ஏறத்தாழ ஒரு மெகாவாட் மின்திறன் வேண்டும். 150 வினாடிக்கு 150 மெகாஜூல், அதாவது 42 கிலோவாட் மணி. ஒரு கிலோ பேட்டரிக்கு 180 வாட் மணி என்று எடுத்துக்கொண்டால் 230 கிலோ! எஞ்சின்களையும் பேட்டரியையும் சேர்த்தாலே 545 கிலோ ஆகிவிட்டது. தொட்டி, குழாய்கள், மின்னணுப் பெட்டிகள் எல்லாம் அதற்கு மேல். 700 கிலோவுக்குக் கீழே போகவே முடியாது என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது.

எரிபொருள் தீரத் தீர ராக்கெட்டின் எடை குறையும். பேட்டரி தீர்ந்தாலும் அதே எடைதான். அதனால்தான் இரண்டாம் அடுக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே தீர்ந்துபோன பேட்டரிகளைக் கழற்றி எறிகிறார்கள். முதல் தடவை வீடியோவில் அதைப் பார்த்தபோது ஏதோ உடைந்து விழுகிறது என்று பதறினேன். இரண்டாம் அடுக்குக்குக் கணக்குப் போடுபவர்கள் இதை மறக்க வேண்டாம். காலி எடை அங்கே ஒரே எண் இல்லை. எறிவதற்கு முன், எறிந்த பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் வேகத்தைக் கணிக்கும் ராக்கெட் சமன்பாட்டில் போட வேண்டும். 2020-இல் 500 கிலோமீட்டர் சூரிய ஒத்திசைவுப் பாதைக்கு (ஒவ்வொரு இடத்தையும் அங்கே ஒரே சூரிய நேரத்தில் கடக்கும் சுற்றுப்பாதை) கொண்டுபோகும் செயற்கைக்கோள் சுமை 150-இலிருந்து 200 கிலோவாக உயர்ந்ததற்கும் முக்கியக் காரணம் பேட்டரி மேம்பட்டதுதான்.

தொடங்கியவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பேட்டரி எறிவதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நீங்கள் சொன்னதை வைத்து இன்னொன்று செய்து பார்த்தேன். முதல் அடுக்கின் காலி எடையில் 50 கிலோ கூட்டினேன். கிடைக்கும் வேகத்தில் வினாடிக்கு 32 மீட்டர்தான் குறைந்தது. அதே 50 கிலோவை இரண்டாம் அடுக்கில் கூட்டினேன். உந்துபொருள் 2.05 டன், காலி எடை 250 கிலோ, சுமை 150 கிலோ, ஐஎஸ்பி 333 என்று வைத்தால் வினாடிக்கு 5,920 மீட்டரிலிருந்து 5,600-க்கு இறங்கிவிட்டது. பத்து மடங்கு அடி!

இத்தனை நாளும் கீழ் அடுக்கில் நூறு கிலோவைத் தேடிக்கொண்டிருந்தேன். மேல் அடுக்கை 'எல்லாம் சேர்த்து 2.5 டன்' என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டேன். முதலில் மேல் அடுக்கைப் பிடித்துவிட்டு அப்புறம் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

அதனால் நேற்றிரவு மேலிருந்து தொடங்கினேன். இரண்டாம் அடுக்கின் உந்துவிசை 22 கிலோநியூட்டன், சுமார் ஆறு நிமிடம் எரிகிறது என்று வைத்தால் 2.4 டன் உந்துபொருள் வருகிறது. ஆனால் அந்த அடுக்கின் மொத்த நீளமே 2.4 மீட்டர். மூடிகள் போக அவ்வளவு கொள்ளாது. அப்படியென்றால் ஆறு நிமிடமும் முழு விசை இருக்க வாய்ப்பில்லை. இந்த முறை நேரத்தை நம்பாமல் தொட்டியையே நம்பி 2.05 டன்னிலேயே நின்றுவிட்டேன். காலி எடை 250 என்று எழுதி, பக்கத்தில் 30 கிலோ முன்பின் என்று குறித்திருக்கிறேன். இரண்டாம் அடுக்கு தனியாகத் தெரியும் தெளிவான படம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள், அளந்துவிடலாம்.