பட்டங்கள் எல்லாம் இருவர் கையில்: மூன்றாமவர் ஏன் வரவில்லை?

அல்சூர் அப்பா:
பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். மகனுக்குப் பன்னிரண்டு வயது; வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் டென்னிஸ் பயிற்சிக்குப் போகிறான். முன்பெல்லாம் கிராண்ட் ஸ்லாம் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு பெரிய போட்டிகள்) ஒன்று தொடங்கினால் முதல் சுற்றிலிருந்தே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான். இப்போது, "ஜெயிப்பது அல்கராஸ், இல்லையென்றால் சின்னர். அரையிறுதி வந்ததும் கூப்பிடுங்கள் அப்பா" என்கிறான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. 2024, 2025 இரண்டு ஆண்டுகளின் எட்டு ஆண்கள் ஒற்றையர் பட்டங்களையும் இருவரும் ஆளுக்கு நான்காகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதற்கு முன் ஃபெடரர் 20, நடால் 22, ஜோகோவிச் 24. நான் பள்ளியில் படித்த தொண்ணூறுகளில் பாரிஸ் செம்மண் தரையில் (பிரெஞ்சு ஓபன்) ஒருவர் வெல்வார், லண்டன் புல்தரையில் (விம்பிள்டன்) வேறொருவர் வெல்வார். இப்போது நடப்பது திறமை மட்டும்தானா, ஆட்டமே மாறிவிட்டதா?

இந்திரா நகர்க்காரன்:
திறமைதான் சார். கூடவே பணம். முன்னணியில் இருப்பவரோடு பயிற்சியாளர், பிசியோ, உடற்பயிற்சி நிபுணர் என்று ஒரு குழுவே ஊர் ஊராகப் போகிறது. நூறாவது இடத்தில் இருப்பவருக்கு அதற்கு வழியில்லை.

மட்டைக் கடை:
கப்பன் பார்க் பக்கம் 26 ஆண்டுகளாக டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு கட்டுகிறேன். அல்சூர் சார், உங்கள் நினைவு சரி. 1980இல் ஸ்வீடன் வீரர் போர்க் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டையும் வென்றார். அதன்பின் 27 ஆண்டுகள் எந்த ஆணும் ஒரே ஆண்டில் அந்த இரண்டையும் வெல்லவில்லை. சாம்ப்ராஸ் விம்பிள்டனை ஏழு முறை வென்றவர். பாரிஸில் ஒரு இறுதிப்போட்டிகூட ஆடியதில்லை. குயர்டன் பாரிஸில் மூன்று முறை சாம்பியன். விம்பிள்டனில் காலிறுதியோடு சரி. 2008இல் நடால் இரண்டையும் சேர்த்து வென்றார். பிறகு 2009இல் ஃபெடரர், 2010இல் மறுபடி நடால், 2021இல் ஜோகோவிச், 2024இல் அல்கராஸ். 27 ஆண்டுகள் நடக்காதது 17 ஆண்டுகளில் ஐந்து முறை நடந்திருக்கிறது.

முதல் காரணம் தரை. 2001இல் விம்பிள்டன் முழுவதும் ரை புல்லுக்கு மாறியது. மண் இறுகியதால் பந்து முன்னைவிட உயரமாக எழும்புகிறது. சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடுபவர்களின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. மறு ஆண்டே ஹெவிட், நல்பாண்டியன் என்று பின்கோட்டில் நின்று ஆடும் இருவர் இறுதிக்கு வந்தார்கள்.

இரண்டாவது காரணம் என் கையில் தினமும் புரள்வது. நான் தொழில் கற்றபோது நல்ல ஆட்டக்காரர்கள் மாட்டுக்குடல் நரம்புதான் கேட்பார்கள். மழைக்காலத்தில் அது ஊறி, பிரிபிரியாகப் போய் அறும். 1997இல் குயர்டன் பாரிஸில் பாலியஸ்டர் நரம்போடு வென்ற பிறகு எல்லாம் மாறிப்போனது. பாலியஸ்டர் வழுக்கும். பந்து படும்போது நெடுக்கு நரம்பு பக்கவாட்டில் நகர்ந்து, விருட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பலில்தான் பந்து சுழல்கிறது. ஓங்கி அடித்தாலும் கோட்டுக்குள் விழும். பழைய பாலியஸ்டர் நரம்பை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்: நெடுக்கும் குறுக்கும் சந்திக்கும் இடமெல்லாம் சின்னச் சின்னக் காடி விழுந்திருக்கும். காடி ஆழமானால் நரம்பு நகராது. அறுந்து போகாவிட்டாலும் அது செத்த நரம்புதான்.

 

ஆக, ஒரே மாதிரி ஆட்டம் நான்கு இடத்திலும் செல்லுபடியாகிறது. முன்னணி ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே மோதாதபடி பிரித்து வைக்கும் தரவரிசை ஒதுக்கீடு 16 பேரிலிருந்து 32 பேராக உயர்ந்ததும் 2001இல்தான். முதல் இரண்டு சுற்றில் பெரிய ஆட்கள் மோதிக்கொள்ளும் ஆபத்து போய்விட்டது.

ஆனால் இதை வைத்து இவர்களைக் குறைத்துப் பேச நான் சம்மதிக்க மாட்டேன். அதே நரம்பு, அதே தரை மற்ற எல்லாருக்கும் கிடைக்கிறது. 2025 பாரிஸ் இறுதியில் அல்கராஸ் இரண்டு செட் இழந்து, நான்காவதில் 3-5, 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட் சின்னர் கையில்; அதில் ஒன்றை எடுத்தாலே பட்டம் அவருக்கு. அங்கிருந்து மீண்டு, 5 மணி 29 நிமிடத்தில் வென்றார். ஐந்தே வாரத்தில் விம்பிள்டன் இறுதியில் அதே அல்கராஸைச் சின்னர் வீழ்த்தினார். அந்த மனத்தை எந்த நரம்பும் தராது. அந்த விம்பிள்டனிலேயே நான்காவது சுற்றில் டிமித்ரோவிடம் சின்னர் இரண்டு செட் பின்தங்கியிருந்தார். டிமித்ரோவ் காயத்தால் விலகினார். மூன்றாமவர் வருவதற்கான இடைவெளி அந்த அளவுதான், ஆனால் இருக்கிறது. பிரிட்டனின் இடக்கை ஆட்டக்காரர் டிரேப்பர் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. உடம்பு ஒத்துழைக்க வேண்டும்.

மல்லேஸ்வரம் பெரியவர்:
எண்ணிக்கையை வைத்துப் பழையவர்களை அளக்காதீர்கள், தம்பி. 1961இல் எனக்குப் பன்னிரண்டு வயது. நம் ராமநாதன் கிருஷ்ணன் இரண்டாவது ஆண்டாக விம்பிள்டன் அரையிறுதிக்குப் போய் ராட் லேவரிடம் தோற்ற செய்தியை அப்பா இரண்டு முறை வாசித்துக் காட்டினார். அந்த லேவர் 1962இல் நான்கு பட்டங்களையும் வென்று, பணத்துக்கு ஆடும் தொழில்முறைக்குப் போனார். தொழில்முறையாளரை அன்று சேர்க்காததால் ஐந்து ஆண்டுகள் இந்தப் போட்டிகளில் அவருக்கு இடமில்லை. 1968இல் அவர்களுக்கும் கதவு திறந்தது; 1969இல் மறுபடி நான்கையும் வென்றார். கணக்கேட்டில் அவர் பட்டங்கள் 11 என்றுதான் இருக்கிறது. போர்க் ஆஸ்திரேலிய ஓபனுக்கு ஒரே ஒரு முறைதான் போனார். அன்று நான்கையும் எண்ணிக்கொண்டு யாரும் ஆடவில்லை.

ஜெயநகர் அம்மா:
எல்லாரும் ஆண்களையே பேசுகிறீர்கள். பெண்கள் பக்கம் 2025இல் கீஸ், காஃப், ஷ்வியான்டெக், சபலென்கா என்று நான்கு பட்டம் நான்கு பேருக்கு. அதே தரை, அதே காலம். பெண்களுக்கு அதிகபட்சம் மூன்று செட் என்பதால் ஒரு மோசமான அரைமணி நேரம் போதும், பெரிய ஆளும் வெளியே. ஆண்களின் ஐந்து செட்டில் வலுத்தவருக்கு மீள நேரம் கிடைக்கிறது. என் மகள் முதல் சுற்றிலிருந்தே பார்க்கிறாள். உங்கள் மகனையும் பார்க்கச் சொல்லுங்கள் அண்ணா.

அல்சூர் அப்பா:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு அந்தப் பாரிஸ் ஆட்டத்தை 0-40இலிருந்து அவனுக்குப் போட்டுக் காட்டினேன். முடிவு தெரிந்திருந்தும் சாப்பாட்டைத் தொடாமல் பார்த்தான். பிறகு மட்டையை எடுத்து விளக்கடியில் பிடித்தான். நீங்கள் சொன்ன காடி இருக்கிறதாம்.

மட்டைக் கடை:
காடி இருந்தால் அது பாலியஸ்டராக இருக்கலாம், சார். பன்னிரண்டு வயது முழங்கை அதைத் தாங்காது. சனிக்கிழமை எடுத்து வாருங்கள், மெத்தென்ற நரம்பாக மாற்றித் தருகிறேன். பையனையும் அழைத்து வாருங்கள், பிடியின் அளவு பார்க்க வேண்டும்.