தக்கையா, திருகு மூடியா: ஒயின் பாட்டிலுக்கு எது பொருந்தும்?

கேள்வி:
750 மி.லி. பாட்டிலில் சுமார் 100 பாட்டில் ஒயின் அடைக்க இருக்கிறேன். வெள்ளை ஒரு வருடத்துக்குள் தீர்ந்துவிடும், சிவப்பு ஐந்தாறு வருடம் கிடக்க வேண்டும். எதற்கு எந்த மூடி? கையில் இருப்பது தரையில் நிற்கும் தக்கை அழுத்தி மட்டும்.

பதில் 1:
அப்படியானால் திருகு மூடியை விட்டுவிடுங்கள். அதற்கு மரை உள்ள பாட்டில் வேண்டும், அலுமினியத்தை அந்த மரையின் மேல் உருளைகளால் பதிக்கும் இயந்திரமும் வேண்டும். ஏற்கெனவே மரை போட்டு வரும் மூடியைக் கையால் இறுக்கலாம், ஆனால் நீண்ட நாள் நம்ப முடியாது.

சிவப்புக்கு 24 மி.மீ. விட்டமும் 44 அல்லது 45 மி.மீ. நீளமும் உள்ள தக்கை எடுங்கள். பாட்டில் வாயின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மி.மீ. அந்த ஐந்தரை மி.மீ. வித்தியாசம்தான் தக்கையை இறுக்கிப் பிடிக்கிறது. அழுத்தியில் தக்கையை நெருக்கும் தாடை தேய்ந்திருந்தால் தக்கையில் நீளவாக்கில் மடிப்பு விழும், ஒயின் அதன் வழியே கசியும். முதலில் தாடையைச் சோதித்துவிடுங்கள்.

தக்கைக்கும் ஒயினுக்கும் நடுவே 15 மி.மீ. இடைவெளி விடுங்கள். வெப்பம் ஏறினால் ஒயின் விரியும், இடம் இல்லாவிட்டால் தக்கை வெளியே தள்ளப்படும். அடைத்ததும் ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, உள்ளே சிக்கிய காற்றின் அழுத்தம் தணிந்த பிறகு படுக்க வையுங்கள்.

கேட்டவர்:
தக்கையைக் கொதிநீரில் ஊறவைக்கலாமா? இயற்கைத் தக்கையில் பூஞ்சை வாடை வரும் என்கிறார்களே?

பதில் 2:
ஊறவே வைக்காதீர்கள். மேலே பூசிய மெழுகும் சிலிக்கோனும் போய்விடும், அழுத்தும்போது பழுப்பு நீர் ஒயினில் இறங்கும். உலர்ந்துபோன தக்கை என்றால், மூடிய வாளியின் அடியில் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் (கிருமி தடுக்கும் உப்பு) கரைசல் ஊற்றி, அதைத் தொடாதபடி மேலே சில நாள் வைத்தால் ஈரம் திரும்பும்.

அந்த வாடைக்குக் காரணம் டிசிஏ என்னும் டிரைகுளோரோஅனிசோல். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பழவாசனை அடங்கிப்போகும். குளோரின் சேர்மங்களைப் பூஞ்சை மாற்றுவதால் உண்டாவது இது, அதனால் அடைக்கும் இடத்தில் குளோரின் பிளீச்சே கூடாது. இதற்கு அஞ்சினால் டயம் என்ற பிராண்டு போன்ற துகள் தக்கை நல்லது: தக்கைத் துகள்களை மீஉய்ய நிலைக் (உயர் அழுத்தத்தில் வாயுவும் திரவமும்போல நடக்கும்) கார்பன் டை ஆக்சைடால் கழுவி டிசிஏவை நீக்குகிறார்கள். வெறுமனே பசை போட்டு ஒட்டிய மலிவுத் துகள் தக்கை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐந்தாறு வருடச் சிவப்புக்கு என் தேர்வு டயம் 5 அல்லது 10 (எண், தக்கை தாங்கும் வருடக் கணக்கு).

பதில் 3:
வெள்ளைக்குப் பிளாஸ்டிக் தக்கை போதும், ஒரு வருடம் தாங்கும். அதற்கு மேல் வைத்தால் உள்ளே வரும் ஆக்சிஜன் நிறத்தைப் பழுப்பாக்கும். இயற்கைத் தக்கைபோல உடனே விரியாது என்பதால் தாடைக் கீறல் இதில் இன்னும் மோசம்.

பின்னாளில் திருகு மூடிக்குப் போனால் உள்ளே இருக்கும் வட்டத்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். டின் படலம் வைத்த சாரன்-டின் ஆக்சிஜனை மிகக் குறைவாகவே விடும், டின் இல்லாத சாரனெக்ஸ் சற்று அதிகமாக. சாரன்-டின் போட்டால், அழுகிய முட்டை வாடை இருக்கும் ஒயினை அடைப்பதற்கு முன்பே சரிசெய்தாக வேண்டும், உள்ளே போனபின் அது தானாகப் போகாது. மூடியின் மேல் விளிம்பில் அடிபட்டாலும் காற்றுப்புகா அடைப்பு விட்டுப்போகும், பெட்டியில் அடுக்கும்போது கவனம்.