நீலமாகவே நின்ற குழாய்

தண்டையார்பேட்டையிலிருந்து:

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில், உள்ளே இருப்பது என்ன வகைச் சேர்மம் என்று கண்டுபிடிக்க எனக்கு வந்த புட்டியைத் திறந்ததும் பாதாம் வாசனை. எங்கள் தெருமுனைக் கடையில் மாலையில் பாதாம் பால் காய்ச்சும்போது எழுகிற அதே வாசனை. புட்டியின் கழுத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது; அழுக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசின் விட்டதும் ஆரஞ்சு வீழ்படிவு. ஆல்டிஹைடு, கீட்டோன் என்ற இரண்டு வகைக் கரிமச் சேர்மங்களும் இதில் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும். எது என்று பிரித்தறிய, ஃபெலிங் ஏ, பி என்ற இரண்டு கரைசல்களையும் கலந்து சேர்த்து வெந்நீரில் வைத்தேன்; ஆல்டிஹைடு என்றால் இந்தச் செப்புக் கரைசலின் நீலம் போய்ச் சிவப்பு வீழ்படிவு வரும் என்பது பாடம். பத்து நிமிடமாகியும் கருநீலம் கலையவில்லை. “கீட்டோன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆய்வக உதவியாளராக இருந்த மாமா கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். அது பென்சால்டிஹைடு. பென்சீன் வளையத்தில் நேராக ஒட்டிய ஆல்டிஹைடு ஃபெலிங்குக்கு மசியாது, ஆல்டிஹைடு பட்டால் குழாயில் வெள்ளி ஆடி படியவைக்கும் டாலன்ஸ் கரைசலுக்குத்தான் மசியும். கழுத்தில் பூத்திருந்தது, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டே உருவான பென்சாயிக் அமிலம். “ஆல்டிஹைடு என்று புட்டியே சொல்லியிருக்கிறதடா!” என்றார்.

ராயபுரத்திலிருந்து:

அண்ணா, எனக்கு டாலன்ஸே காலை வாரியது. வெள்ளி ஆடிக்குப் பதில் கறுப்புக் கசடுதான் வந்தது. குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டாம் முறை நன்றாகக் கழுவி, சில்வர் நைட்ரேட்டில் துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, வந்த பழுப்பு வீழ்படிவு கரையும் அளவுக்கு மட்டும் அம்மோனியா சேர்த்தேன். வெதுவெதுப்பான நீரில் வைத்ததும் அடியிலிருந்து வெள்ளி ஏறியது. டியூப்லைட் அதில் வளைந்து தெரிந்தது. மீதிக் கரைசலை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளக் கேட்டேன். வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் உருவாகலாம் என்று மிஸ் உடனே அமிலம் ஊற்றிக் கொட்டச் சொன்னார். விரலில் பட்ட கறை ஒரு வாரம் போகவில்லை.

திருவொற்றியூரிலிருந்து:

தம்பி, நான் மருத்துவ ஆய்வகத்தில் இருந்தவன். ஃபெலிங் போலவே நீலச் செப்புக் கரைசலான பெனடிக்டை வைத்துச் சிறுநீரில் சர்க்கரை பார்ப்போம்: 5 மில்லி பெனடிக்ட் கரைசலில் 8 சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைப்போம். சர்க்கரை ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். கீட்டோன் சும்மா இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ் கீட்டோன்தான், காரத்தில் உருமாறி அதுவும் சிவக்கவைக்கும். காபியில் போடுகிற சர்க்கரையோ அசையாது. புதிதாகச் சேர்ந்த பையன் அதைக் கரைத்துச் சோதித்துப் பார்த்தான். நீலம் மாறவில்லை என்றதும் கரைசல் கெட்டுவிட்டதென்று ஒரு புட்டி பெனடிக்டை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டான்.