மோட்டாருக்குள் நீர்க்கறை: வாரண்டி மறுப்பை ஏற்கலாமா?

மடிப்பாக்கம்வாசி:
மூன்றாம் ஆண்டில் ஓடிக்கொண்டிருக்கும் என் மின்சாரக் காரின் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது. வண்டி ஓடியிருப்பது 48,000 கிலோமீட்டர்தான். சில மாதங்களாகவே 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்பக்கத்திலிருந்து கரகரவென்று ஓசை வந்துகொண்டிருந்தது. டயர் ஓசை என்றார்கள். டயரை மாற்றிய பிறகு வீல் பேரிங் என்றார்கள். பிறகு ஒரு மழைநாளில் திரையில் மின்காப்புக் கோளாறு (மின்சாரம் வண்டியின் உடலுக்குக் கசியாமல் தடுக்கும் காப்பில் கோளாறு) என்ற எச்சரிக்கை தோன்றி வண்டி நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் மோட்டாரின் கேபிள் இணைப்பு மூடியைக் கழற்றி, உள்ளே நீர்க்கறை இருப்பதைப் படம் எடுத்துக் காட்டி, வெளியிலிருந்து நீர் புகுந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். மோட்டாரை முழுவதுமாக மாற்றச் சில லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். 2024 அக்டோபர் மழையின்போது வெள்ளத்துக்குப் பயந்து இந்த வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தின் மீது நிறுத்தியிருந்தேன். வெள்ளத்தில் நான் ஓட்டியதே இல்லை. சாலையில் தேங்கிய மழைநீரில் எல்லோரையும் போல ஓட்டியிருக்கிறேன். இந்த மறுப்பு செல்லுமா?

பழைய சர்வீஸ்காரர்:
கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன், செல்லும். பொருளிலோ செய்நேர்த்தியிலோ உள்ள குறைக்குத்தான் வாரண்டி தரப்படுகிறது; சாலையில் நடந்தவற்றுக்கெல்லாம் நிறுவனம் காப்பீடு எழுதித் தரவில்லை. விற்பனையாளர்கள் தூசும் நீரும் புகாமையைக் குறிக்கும் ஐபி67 என்ற எண்ணைக் காட்டி, வண்டி தண்ணீரில் நீந்தும் என்பதுபோலப் பேசுகிறார்கள். ஒரு மீட்டர் ஆழமுள்ள நீரில் 30 நிமிடம் அசையாமல் வைத்தபோது கேடு தரும் அளவுக்கு நீர் உள்ளே புகவில்லை என்பதே அந்த எண்ணின் பொருள். நம் சாலைகளில் நடப்பது அதுவன்று. ஓடிச் சூடேறிய மோட்டார் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் சற்றே தளர்ந்திருந்தாலும் அதன் வழியே நீரை உள்ளே இழுக்கிறது. எவ்வளவு ஆழத்தில் ஓட்டினோம் என்பதை வண்டி பதிவு செய்வதுமில்லை. எல்லோரும் ‘தேங்கிய நீரில் மட்டும்’ ஓட்டியதாகத்தான் சொல்வார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் வேறு வாக்குமூலத்தைக் கேட்டதில்லை. உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசுங்கள், வழி அங்கேதான் இருக்கிறது.

நுகர்வோர் பக்கம்:
முன்னவர் தந்த விளக்கமே அவருடைய முடிவுக்கு எதிராக இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் ஒரு சீல் தளர்ந்து நீரை உள்ளே விட்டது என்றால், எட்டு ஆண்டு நிற்க வேண்டிய பாகம் மூன்றே ஆண்டில் கெட்டது என்றுதானே பொருள்? சென்னையில் விற்கும் வண்டி மழையில் ஓடும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியாததன்று.

ஆனாலும் மடிப்பாக்கம் நண்பர் வாதத்தை இங்கே தொடங்கக் கூடாது என்பேன். மறுப்பு இன்னும் எழுத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜாப் கார்டில் (வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது எழுதும் பணிச்சீட்டில்) உங்கள் புகார் உங்கள் சொற்களிலேயே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஓசைக்காக முன்பு சென்றபோது தந்த ஜாப் கார்டுகள் அதைவிட முக்கியமானவை. கோளாறு மழைக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு அவற்றைவிட நல்ல சான்று இருக்க முடியாது. பிறகு, வாரண்டியின் எந்த விதியின்படி, எந்தச் சோதனையின் அடிப்படையில் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் தருமாறு டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒருசேர மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும்.

பழைய சர்வீஸ்காரர்:
கட்டணம் 400 ரூபாய் என்பது சரி, ஆனால் அங்கே என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. உற்பத்திக் குறை இருக்கிறது என்று காட்ட வேண்டிய சுமை முதலில் புகார் கொடுத்தவர் மீதுதான் விழுகிறது. பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று அந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர்தான் கட்ட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருப்பதை நம்பி வேலைக்குப் போகும் வண்டியை ஓரங்கட்ட யாரால் முடியும்?

கோவை வைண்டர்:
பம்பு மோட்டாரும் மில் மோட்டாரும் கட்டிப் பழகிய கைக்கு ஒன்று படுகிறது. நீர் எங்கிருந்து வந்தது என்று இருவரும் வழக்காடுகிறீர்கள்; அது மழைநீர்தானா என்று எவரும் கேட்கவில்லை. இவ்வகை மோட்டார்களில் உறையைச் சுற்றிக் கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவம் ஓடுகிறது. உள்சீல் கசிந்தால் அதுவும் கறையாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கறை பிசுபிசுப்பாக இருக்கும், கூலண்டின் நிறமும் அதில் தங்கியிருக்கும். கூலண்ட் தொட்டியின் அளவு குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறைந்திருந்தால், வெளியிலிருந்து நீர் வந்தது என்ற பேச்சே நிற்காது. மாறாக, வெள்ளநீர் என்றால் அது மோட்டாருக்குள் மட்டும் புகுந்துவிட்டுப் போகாது. ஹாரனிலும், அடித்தட்டு மூடியின் உள்புறத்திலும், அதே உயரத்தில் உள்ள மற்ற இணைப்புகளிலும் சேற்றுப் படிவு இருந்தே தீரும். அந்தப் படிவைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ஓசை. பேட்டரியின் நேர்திசை மின்சாரத்தை மாறுதிசையாக்கும் இன்வெர்ட்டர் வேகமாக மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புவதால் மோட்டாரின் தண்டில் சிறு மின்னழுத்தம் ஏறுகிறது. அது பேரிங் வழியாகப் பொறியாக இறங்கி இறங்கி ஓடுதளத்தைக் கொத்திய அம்மிபோல ஆக்கிவிடும், கிரீஸும் கறுத்துவிடும். இன்வெர்ட்டரில் ஓடும் மில் மோட்டார்களிலேயே இதைப் பார்த்திருக்கிறோம். நீரால் கெட்ட பேரிங்கிலோ துருக்குழிகள் இருக்கும். இரண்டையும் வெறுங்கண்ணாலேயே பிரித்துச் சொல்லலாம், ஆனால் பேரிங்கை வெளியே எடுத்தால்தான் முடியும். சர்வீஸ் சென்டரோ மோட்டாரைத் திறப்பதே இல்லை. முழுதாகக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் பழையதை அனுப்பிவிடுகிறது. ஒரு பேரிங்குக்காகச் சில லட்சம் கேட்பது எனக்குக் கொள்ளையாகத்தான் தெரிகிறது. கோவைக்குக் கொண்டுவந்தால் பேரிங்கும் சீலும் மாற்றி, கம்பிச்சுற்றைச் சூடேற்றி ஈரம் போக்கி, மின்காப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்துத் தரலாம்.

பழைய சர்வீஸ்காரர்:
இந்த யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். பம்பு மோட்டாருக்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம். நிரந்தரக் காந்தம் பதித்த ரோட்டரை, அதாவது சுழலும் பகுதியை, தகுந்த பிடிமானம் இல்லாமல் உருவினால் சுற்றியிருக்கும் அசையாப் பகுதியான ஸ்டேட்டரின் மேல் போய் அறையும். விரல் இடையில் இருந்தால் விரல் போகும். பேட்டரியைத் துண்டித்த பிறகும் இன்வெர்ட்டரின் மின்தேக்கியில் மின்சாரம் சிறிது நேரம் நிற்கும். இவற்றையெல்லாம் கடந்து திரும்பப் பூட்டினாலும், ரோட்டரின் நிலையைச் சொல்லும் ரிசால்வரை நிறுவனத்தின் மென்பொருள் கொண்டு மறுபடி சீர்செய்யாவிட்டால் வண்டி உதறும், அல்லது நகரவே நகராது. வெளியில் ஒருமுறை திறந்தீர்கள் என்றால் வாரண்டிக்கும் அத்துடன் முழுக்கு.

நுகர்வோர் பக்கம்:
ஆபத்தைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. கடைசி வாக்கியம் சரியன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது என்றும், வெளியில் செய்த தவறான வேலையால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் ஆணையிட்டது. மேல்முறையீடுகளும் வழக்குகளும் தொடர்ந்தன என்பதால் அதை ஒரே ஆயுதமாக நம்பச் சொல்லவில்லை. ஆயினும், இந்த வழக்கில் மோட்டாரை இப்போது வெளியில் திறக்கக் கூடாது என்பதில் நான் முன்னவரோடு உடன்படுகிறேன். காரணம் வேறு: திறந்தவுடன் சான்று கலைந்துவிடும், நீரை நீங்களே விட்டீர்கள் என்பார்கள்.

நிறுவனங்களால் முடியாத ஒன்றை நாம் கேட்கவில்லை. 85 கிலோவாட்மணி மாடல் எஸ் கார்களின் டிரைவ் யூனிட்டுக்கு (மோட்டார் அடங்கிய இயக்கத் தொகுதிக்கு) 2014இல் டெஸ்லா தானே முன்வந்து 8 ஆண்டு, தொலைவு வரம்பில்லாத வாரண்டி தந்தது. ஏற்கெனவே விற்றிருந்த வண்டிகளுக்கும் அது பொருந்தியது.

மடிப்பாக்கம்வாசி:
மின்னஞ்சலுக்குப் பதில் வந்துவிட்டது. ‘வெளிக்காரணத்தால் நீர் புகுந்தது’ என்ற ஒற்றை வரியைத் தவிர மின்காப்புத் தடையின் அளவோ சேற்றுப் படிவின் படமோ அதில் இல்லை. கூலண்ட் தொட்டியில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருப்பதை அவர்கள் முன்னிலையிலேயே படம் எடுத்துக்கொண்டேன். ஓசைக்கான பழைய ஜாப் கார்டுகள் இரண்டிலும் ‘முன்பக்க ஓசை, சோதித்துப் பார்க்கப்பட்டது’ என்று இருக்கிறது.

பழைய சர்வீஸ்காரர்:
கூலண்ட் குறைவது ஹோஸ் கசிவாலும் நேரலாம். அதை வைத்து வெற்றி முழக்கம் வேண்டாம். ஆனால் அளவீடு இல்லாமல் மறுப்பு எழுதியது சோம்பேறித்தனம், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மோட்டாரைக் கேபிளிலிருந்து தனியே பிரித்து மின்காப்புத் தடையை அளந்து ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். மின்வாகனப் பாதுகாப்புக்கான ஐ.நா.வின் யுஎன் ஆர்100 ஒழுங்குமுறை நேர்திசைச் சுற்றுக்கு வோல்ட்டுக்கு 100 ஓமும் மாறுதிசைச் சுற்றுக்கு 500 ஓமும் குறைந்தபட்சம் என்கிறது. குறை மோட்டாரில் இல்லாமல் இணைப்பில் மட்டும் இருந்தால், மோட்டாரை மாற்றும் பேச்சே வேண்டியதில்லை. கூலண்ட் சுற்றுக்கு அழுத்தச் சோதனை செய்யச் சொல்லி, தயாரிப்பாளரின் வட்டாரப் பொறியாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

நுகர்வோர் பக்கம்:
கூடவே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய பாகம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று பெரும்பாலான வாரண்டிப் புத்தகங்களில் இருக்கும். காரணம் முடிவாகும் வரை பழைய மோட்டாரைத் திறக்காமல் சீலிட்டு வைக்க வேண்டும், திறப்பதானால் உங்களுக்கு முன்னறிவிப்புத் தந்து உங்கள் முன்னிலையில் திறக்க வேண்டும் என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்கு டீலரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.