கிரீன் டீ சீரம்: வாங்கலாமா?

வெள்ளவத்தை வாணி: காலி வீதிக் கடையொன்றில் முகத்தில் பூசுகிற கிரீன் டீ சீரம் பார்த்தேன். பெட்டியில் ‘பழங்காலச் சீனத்தின் அழகு இரகசியம்’ என்று போட்டிருக்கிறது, பருவுக்கு நல்லதாம். விலைதான் கண்ணைக் கட்டுகிறது. பூசியவர்கள் இருக்கிறீர்களா?

கொழுந்து: அக்கா, அந்த ‘இரகசியம்’ சுத்தப் புளுகு. 8ஆம் நூற்றாண்டில் சீன எழுத்தாளர் லூ யூ தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதினார், இலையை ஆவியில் வேகவைப்பது, எந்தத் தண்ணீர் நல்லது என்று எல்லாம் குடிக்கிற கதைதான். 1211இல் ஜப்பானில் எய்சாய் துறவி மருந்தென்று புகழ்ந்ததும் குடிக்கத்தான். யார் முகத்தில் பூசினார்கள்?

தாரணி: லூ யூவை முழுதாகப் படியுங்கள் தம்பி. நாட்பட்ட புண்ணுக்குத் தேயிலையையும் பூரானையும் மணம் வரும்வரை வாட்டிப் பொடித்து, புண்ணை அதிமதுரக் கஷாயத்தால் கழுவிப் பூசும் முறை அதிலேயே இருக்கிறது.

கொழுந்து: சரி, அப்போ சீரத்தில் பூரானையும் போடச் சொல்லுங்கள் 😄 புண்ணுக்குக் கட்டின மருந்து எப்படி அழகு இரகசியமாகும்?

தாரணி: சிரியுங்கள். பச்சைத் தேயிலைச் சாற்றில் செய்த களிம்புக்கு 2006இல் அமெரிக்காவே மருந்தாக அனுமதி கொடுத்தது. பருவிலும் சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது.

பார்மசிக்காரன்: அந்தக் களிம்பு பிறப்புறுப்பு மருவுக்கு, முகத்துக்கில்லை. சாறும் 15 சதவீதம். கொழுந்தைப் பறித்தவுடன் சூடு காட்டி நொதியை அடக்குவதால்தான் அது கறுக்காமல் கிரீன் டீ ஆகிறது, நம் நாட்டு பிளேன்டீக்கும் அதே செடிதான். அப்படிக் காப்பாற்றின ஈஜீசீஜீ என்ற சத்தும் தண்ணீரில் கரைந்து காற்றுப் பட்டால் கெட்டுவிடும், காலையில் ஊற்றி வைத்த கிரீன் டீ பின்னேரம் பழுப்பாகிறதே, அதைப் பார்த்தாலே தெரியும். மூடியைத் திறந்து திறந்து பாவிக்கிற கண்ணாடிப் போத்தலில் எவ்வளவு மிஞ்சும் என்று யோசியுங்கள். வாணி அக்கா, பின்பக்கப் பட்டியலில் சாறு எத்தனையாவது?

வெள்ளவத்தை வாணி: போட்டோ எடுத்திருந்தேன், இப்போதான் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசனைக்கும் கீழே, கடைசிக்கு முதல்.

பார்மசிக்காரன்: அதிகமாக இருப்பதைத்தான் முதலில் போடுவார்கள். உங்களுடையதில் ஒரு சதவீதம் இருந்தாலே பெரிய விஷயம்.

தாரணி: அது அந்தப் போத்தலின் குறை, தேயிலையின் குறையில்லை. அளவு போட்டதாக, காற்றுப் புகாத பம்ப் போத்தலாகப் பார்த்து வாங்குங்கள்.

கொழுந்து: அதைவிட அந்தக் காசுக்குத் தோல் டொக்டரிடம் ஒருதரம் காட்டலாம் அக்கா.