டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு பிரெஞ்சு எதுக்குன்னு கேட்டவருக்கு

கயல்_அம்மா: "ஸ்பெஷல் குழந்தைங்களுக்கு ரெண்டாவது மொழியே ஆகாது, இருக்கிற பேச்சும் போயிடும்"னு ஒருத்தர் நேத்து எழுதிட்டுப் போனாரு, படிச்சதுலேர்ந்து ஆத்திரமா வருது. கனடாவுல கே-ரெய்னிங் பேர்ட்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு 2005லயே ஆராய்ச்சி வெளியிட்டாச்சு. டவுன் சிண்ட்ரோம்னா பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலா இருக்கறதால பேச்சும் படிப்பும் மெதுவா வர்ற நிலை. ரெண்டு மொழி பேசற டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்க, ஒரே மொழி பேசற டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்களை விட இங்கிலீஷ்ல பின்தங்கல. எந்தப் பேச்சு போச்சு?

வேளச்சேரி_ரவி: எழுதினது நான்தான். அதுல ரெண்டு மொழி பேசற டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்க எத்தனை பேர்? 8. இதை வெச்சா ஊருக்கே சட்டம் போடறீங்க?

கயல்_அம்மா: நீங்க ஒருத்தரைக் கூட காட்டாம சொல்லலாம், நான் 8 பேரைக் காட்டினா பத்தாதா? ஸ்கூல்ல பிரெஞ்சு மிஸ் சிவப்பு அட்டை காட்டி 'ரூஜ்'னாங்க, என் பையன் வீட்டுக்கு வந்து கூடையிலேர்ந்து தக்காளியை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டி 'ரூஜ்'ங்கறான். டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்களுக்குக் காதால கேட்டு மனசுல வெச்சுக்கறதை விட கண்ணால பாத்துப் பிடிச்சுக்கறது சுலபம், அதான் படம், அட்டை, சைகை.

வேளச்சேரி_ரவி: தக்காளி சந்தோஷம். 8க்கு பதில் வரல. அவங்க தினமும் ரெண்டு மொழியும் கேட்டு வளந்தவங்க, வாரத்துக்கு ரெண்டு பீரியட் பிரெஞ்சு படிச்சவங்க இல்ல.

சிறப்பாசிரியர்_மதுரை: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 17லயே ரெண்டாவது மூணாவது மொழிக்கு விலக்கு உண்டு. டிஸ்லெக்சியா குழந்தை ஒரு மொழியில எழுத்துக்கூட்டவே திணறுது, பிரெஞ்சுல எழுதறது ஒண்ணு வாசிக்கறது ஒண்ணு. பாவம் இல்லையா?

கயல்_அம்மா: பேச்சு, பாட்டுன்னு சொல்லிக்குடுங்க டீச்சர், எழுத்துப் பரீட்சைக்கு விலக்கு குடுங்க, யாரு வேணாம்னா? விலக்குங்கற பேர்ல பீரியட் முழுக்க புள்ளைய தனியா மணி கோக்க விடறீங்களே, அதைத்தான் கேக்கறேன்.

சிறப்பாசிரியர்_மதுரை: நான் அப்படி விட்டதே இல்ல. எல்லாரையும் ஒரே மாதிரி பேசாதீங்க.

தமிழ்_வேலன்: முதல்ல தமிழ் ஒழுங்கா வரட்டும்மா.

கயல்_அம்மா: வேலன் சார், "வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, குழந்தை குழம்பும்"னு தெரபிஸ்ட் சொன்னப்ப தமிழை விடாம பேசினவ நான். ரவி சொல்ற அதே வாதம்தான் அன்னிக்கு தமிழைப் பிடுங்கப் பாத்துச்சு. உங்க பொண்ணு இங்கிலீஷ் மீடியம்னு அட்மிஷன் திரெட்ல நீங்களே எழுதினீங்க, எனக்கு வந்து தமிழ்ப் பாடம் எடுக்காதீங்க.

வேளச்சேரி_ரவி: அப்ப 8தான்.

கயல்_அம்மா: 8தான். உங்க கிட்ட பூஜ்யம்.

தமிழ்_வேலன்: என் பொண்ணை எதுக்கு இழுக்கறீங்க? நான் அப்படி எழுதவே இல்ல, லிங்க் போடுங்க பாப்போம்.