மறுமொழி: ‘பிரவுசர் ஹைஜாக்கர்’ – ‘உலாவி வழிப்பறி’ என்னும் கலைச்சொல் முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

விளம்பரம் காட்டும் ‘ஆட்வேர்’, உலாவியின் போக்கைப் பயனரின் விருப்பமின்றி மாற்றும் ‘பிரவுசர் ஹைஜாக்கர்’, ஒரு முகவரியிலிருந்து வேறொன்றுக்கு அனுப்பும் ‘ரீடைரக்ட்’ ஆகிய மூன்றுக்கும் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் விளம்பரநிரல், விளம்பர மென்பொருள், உலாவிக் கடத்தி, உலாவி கவர்வான், திசைதிருப்பி எனப் பல சொற்கள் வந்துவிட்டன. அவற்றின் நிறைகுறை பார்ப்பதற்கு முன், இந்தச் சொற்களை யார் எடுத்தாளப் போகிறார்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. உலாவியைத் திறந்ததும் தாம் வைத்திராத முகப்புப் பக்கம் வருகிறது, தேடுபெட்டியில் தட்டியது முன்பின் கேள்விப்படாத தேடுதளத்தில் போய் நிற்கிறது, நேற்று நீக்கிய நீட்சி (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) இன்று திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று திகைத்து நிற்பவருக்கு உதவிக்குறிப்பு எழுதுகிறவர்தாம் இவற்றை முதலில் கையாளுவார். ஆகவே பழுது எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை நோக்கிப் படிப்பவரைத் திருப்புகிற சொல் நமக்கு வேண்டும். கண்ணில் படும் தொல்லையை மட்டும் சுட்டும் சொல், அவரைத் தவறான இடத்தில் தேட வைத்துவிடும்.

இதனால்தான் ‘விளம்பரநிரல்’ என்பதையே எல்லாவற்றுக்கும் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அச்சொல்லைக் கேட்டவர் முதல் வேலையாக விளம்பரத் தடுப்பு நீட்சி ஒன்றை நிறுவுவார். விளம்பரங்கள் மறையும், மாற்றப்பட்ட தேடுபொறி மாற்றப்பட்டபடியே இருக்கும். ‘விளம்பர மென்பொருள்’ இன்னும் மோசம், சுவரொட்டி வடிவமைக்க உதவும் மென்பொருள் என்றுதான் பொதுவாசகர் அதைப் படிப்பார்.

விளம்பரம் செருகுவதும் வழியைப் பறிப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதற்கு இரண்டு பழைய நிகழ்வுகளே போதும். லெனோவோ நிறுவனம் 2014இல் விற்ற மடிக்கணினிகள் சிலவற்றில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற நிரல் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்தது 2015 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. அது பயனரை வேறு தளத்துக்கு விரட்டவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்திலேயே தன் விளம்பரங்களைச் செருகியது. மறையாக்கம் செய்யப்பட்ட பக்கங்களிலும் செருக வேண்டும் என்பதற்காக விண்டோஸின் சான்றிதழ்க் கிடங்கில் தனக்கென ஒரு வேர்ச்சான்றிதழை (எந்தத் தளத்தை நம்பலாம் என்று கணினி முடிவுசெய்ய அடிப்படையாகக் கொள்ளும் சான்று) இட்டு வைத்தது. அதன் பெயரில் ஒப்பமிடப் பயன்படும், மறைவாக இருக்க வேண்டிய தனித்திறவுகோல் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்தமையால், அது ஓரிடத்தில் வெளிப்பட்டதும் அத்தனை கணினிகளின் பாதுகாப்பும் ஒரே நேரத்தில் கேள்விக்குள்ளானது. நிரலை நீக்கிய பின்னும் சான்றிதழ் அங்கேயே தங்கியிருந்ததால் அதைத் தனியாகத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. ‘விளம்பரநிரல்’ என்ற சொல் இதற்கு முழுமையாகப் பொருந்தும்.

இதற்கு நேர்மாறானது ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்ற தீய நிரல். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2011 நவம்பரில், எஸ்தோனியாவைச் சேர்ந்த 6 பேர் இதன் தொடர்பில் கைதானதை அறிவித்தது. 100க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. அந்த நிரல் உலாவியின் அமைப்புகளைத் தொடவேயில்லை. ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண்முகவரியைச் சொல்லும் களப்பெயர் வழங்கியை (டி.என்.எஸ். சர்வர்) மாற்றி, தங்கள் வழங்கியைப் பார்த்துக் கேட்கும்படி கணினியைத் திருப்பிவிட்டது. ஐடியூன்ஸ் தளத்துக்குப் போக நினைத்துச் சொடுக்கியவர், ஆப்பிளுடன் எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு விற்பனைத் தளத்தில் போய் இறங்கினார். முன்னிருப்புக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த திசைவிகளையும் (ரவுட்டர்) அது விட்டுவைக்கவில்லை. குற்றவாளிகளின் வழங்கிகளைத் திடீரென நிறுத்தினால் இத்தனை பேரும் இணையம் இழப்பார்கள் என்பதால், நீதிமன்ற ஆணையின்பேரில் அவற்றின் இடத்தில் நல்ல வழங்கிகளை வைத்து, 2012 ஜூலை 9 வரை ஓட்ட வேண்டியிருந்தது. இங்கே கணினியில் விளம்பரம் காட்டும் நிரல் எதையும் தேடிப் பயனில்லை, பறிபோனது வழி மட்டுமே. இதை ‘விளம்பரநிரல்’ என்று பெயரிட்டுவிட்டுப் பழுதறியப் புகுந்தால் நீட்சிகளின் பட்டியலிலேயே காலம் கழியும்.

அடுத்து ‘ரீடைரக்ட்’. இதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் ‘வழிமாற்று’ என்ற சொல் நெடுங்காலமாகப் புழங்குகிறது. ஒரு பக்கத்தின் முகவரி மாறியதை 301 என்ற குறியெண்ணாலும், தற்காலிகமாக வேறிடம் போகச் சொல்வதை 302 என்ற குறியெண்ணாலும் வழங்கி தெரிவிப்பது இணையத்தின் அன்றாட நடைமுறை. வங்கித் தளங்கள் பலவும் உள்நுழைவுக்கு அதைப் பயன்படுத்துகின்றன. நடுநிலையான இந்த நல்ல சொல்லின் மீது குற்றப்பொருளை ஏற்றிவிடக் கூடாது. ‘திசைதிருப்பி’ என்பது கருத்தைத் திசைதிருப்புவதையே முதலில் நினைவுக்குக் கொண்டுவருவதால் அதுவும் வேண்டாம். பொதுவுக்கு ‘வழிமாற்று’, ஒரு சொடுக்குக்குப் பின் ஐந்தாறு தளங்கள் வழியாகக் கைமாற்றி அனுப்புவதற்கு ‘வழிமாற்றுத் தொடர்’ என்று வைத்துக்கொள்வோம். உலாவியின் உருவாக்குநர் கருவியில் வலையமைப்புப் பகுதியைத் திறந்து, பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும்படி அமைத்துவிட்டுச் சொடுக்கினால், இந்தத் தொடரில் முதலில் குறுக்கே வந்த தளம் எதுவென்று வரிசையாகத் தெரியும்.

இழையில் மிகுதியான ஆதரவு பெற்றிருப்பது ‘உலாவிக் கடத்தி’. விமானக் கடத்தலை ஒட்டி அமைத்தது என்பது புரிகிறது. ஆனால் ‘கடத்தி’ என்றதும் பத்தாம் வகுப்பு மாணவருக்கு மின்கடத்தியும் குறைகடத்தியும்தான் நினைவுக்கு வரும். கணினியைப் பற்றிய கட்டுரையில் குறைகடத்தியும் உலாவிக் கடத்தியும் அடுத்தடுத்த பத்திகளில் வந்தால் குழப்பம் உறுதி. அதைவிட முக்கியமானது, உலாவி எங்கும் கடத்திச் செல்லப்படவில்லை என்பது. அது பயனரின் மேசையில், அவர் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. அவர் போக நினைத்த வழிதான் இடையில் பறிக்கப்படுகிறது.

ஆகவே ‘உலாவி வழிப்பறி’ என்பதை முன்மொழிகிறேன். இச்செயலைச் செய்வது ‘வழிப்பறி நிரல்’. உலாவி ‘வழிப்பறிக்கு உள்ளாகியிருக்கிறது’ என்று வினையாகவும் இயல்பாக எழுதலாம். பாலை நில வழிகளில் பயணிகளை மறித்தவர்களை ஆறலைக்கள்வர் என்று அழைத்த மொழிக்கு இந்தக் கருத்து புதிதன்று. இச்சொல்லில் எனக்குப் பிடித்தது, இது ஒரு பொருளைச் சுட்டாமல் ஒரு செயலைச் சுட்டுகிறது என்பதே. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற நீட்சி, பயன்படுத்தாத தாவல்களை உறங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் நல்ல கருவியாகப் பெயரெடுத்தது. 2020இல் கைமாறிய பின் அதன் நடத்தையில் ஐயம் எழுந்து, 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கான நீட்சி என்று அறிவித்து முடக்கியது. நேற்றுவரை நல்லது, இன்று தீயது என்ற நிலை நீட்சிகளுக்கு வழக்கமாக வருவதால், பெயர் நடத்தையைப் பற்றியதாக இருப்பதே முறை. (இடைச்செருகலாக ஒன்று: ‘மால்வேர்’ என்பதற்குச் சிலர் எழுதும் ‘தீம்பொருள்’ எனக்கு எப்போதும் உறுத்தல்தான். தீங்கனி, தீம்பால், தீந்தமிழ் என்று இனிமையைக் குறிக்கும் அடையை வைரஸுக்குச் சூட்டுவானேன்? ‘தீநிரல்’ என்பதில் அந்தச் சிக்கல் இல்லை.)

‘வழிப்பறி’ காவல் நிலையச் சொல் ஆயிற்றே, பயனரே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொடுக்கி நிறுவிய கருவிப்பட்டையை அப்படி அழைப்பது நியாயமா என்று ஓர் அன்பர் தனிமடலில் கேட்டிருந்தார். கேள்வி சரியானதே, பாதுகாப்பு நிறுவனங்களும் இதே இடத்தில் தடுமாறியிருக்கின்றன. ‘உளவு மென்பொருள்’ என்ற பெயரை விளம்பர நிறுவனங்கள் எதிர்த்ததால்தான், ‘வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல்’ என்று பொருள்படும் மழுப்பலான தொடரைப் பாதுகாப்பு நிறுவனமான மெக்காஃபி புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. வழக்குக்கு அஞ்சிய ‘கூடிய’ அது. தமிழில் நாம் அந்த அச்சத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை. இலவச நிரலோடு ஒட்டிக்கொண்டு வந்து, ‘விரைவு நிறுவல்’ என்ற பொத்தானின் நிழலில் ஒப்புதல் வாங்கிக்கொள்பவற்றை ‘வேண்டாநிரல்’ என்போம். அது முகப்புப் பக்கத்தையோ தேடுபொறியையோ பயனரின் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்துக்கொண்டால் அந்தச் செயல் வழிப்பறிதான். ஒப்புதல் வாங்கியதாகச் சொல்லிக்கொள்வதால் செயல் மாறிவிடாது.

விவாதத்தில் போதிய கவனம் பெறாதது ‘பெர்சிஸ்டன்ஸ்’, அதாவது தீய நிரல் நீக்க முயன்றும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தன்மை. பழுதறிபவர்கள் மிகுதியாக அல்லல்படுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். ‘நிலைபேறு’ என்று ஒருவர் பரிந்துரைத்துள்ளார். நல்லதற்கு வழங்கும் சொல் அது என்பது ஒருபுறம் இருக்க, கணினியை அணைத்து மீண்டும் இயக்கிய பின்னும் நிரல் தொடர்ந்து இயங்குவதற்கு மட்டுமே அது பொருந்தும். பயனர் காண்பது வேறு. அவர் நீட்சியை நீக்குகிறார், அது உண்மையாகவே போய்விடுகிறது, பிறகு மீண்டும் வருகிறது. தழையை மட்டும் பறித்த கோரைப்புல் கிழங்கிலிருந்து தழைப்பது போன்ற இந்நிலையை ‘மீள்முளைப்பு’ என்று தனியாகப் பெயரிட வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பெயரிட்டுவிட்டால், கிழங்கு எங்கே என்ற கேள்வி தானாக எழும்.

அது இருக்கும் இடங்களில் இரண்டைச் சொல்கிறேன். வீட்டுக் கணினியில் குரோமின் பட்டியைத் திறந்தால் அடியில், ‘இந்த உலாவியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி சில சமயம் தென்படும். அலுவலகக் கணினிகளை நிர்வகிப்பவர்களுக்காக ஏற்படுத்திய கொள்கை வசதியை விண்டோஸ் பதிவகத்தின் (கணினி அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) வழியாக வழிப்பறி நிரல் தனக்குப் பயன்படுத்திக்கொண்டதன் அடையாளமாக இது இருக்கலாம். சில நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களும் இதே வரியைத் தோன்றச் செய்வதால், உலாவியின் கொள்கைப் பக்கத்தைத் திறந்து அங்கே எது எழுதப்பட்டிருக்கிறது என்று படித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். கட்டாயமாக நிறுவ வேண்டிய நீட்சிகளின் பட்டியல் அங்கே இருந்து, அதில் நீண்ட எழுத்துக்கோவை ஒன்று காணப்பட்டால், நீட்சிப் பக்கத்தில் ‘அகற்று’ பொத்தான் ஏன் இல்லை என்பது விளங்கிவிடும். இக்கொள்கையை அழித்தும் திரும்ப வருமானால், விண்டோஸின் பணி அட்டவணையில், உள்நுழையும்போதோ மணிக்கொரு தரமோ ஓடும்படி வைக்கப்பட்ட சிறு நிரல்வரி ஒன்று அதை மறுபடி எழுதிக்கொண்டிருக்கலாம். முதலில் பணி, பிறகு கொள்கை, கடைசியில் நீட்சி என்பதே அழிக்கும் வரிசை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, உலாவியையே நீக்கி மறுபடி நிறுவி, அப்போதும் பலனின்றிச் சோர்ந்துபோகிறார்கள்.

இரண்டாவது இடம் கணினியிலேயே இல்லை. ஒரே கணக்கில் உள்நுழைந்த இரு கணினிகளில் ஒன்றைத் தூய்மைப்படுத்தினாலும், மற்றதிலிருந்து ஒத்திசைவு (அமைப்புகளைக் கணினிகளுக்கிடையே ஒன்றாக வைத்திருக்கும் வசதி) வழியாக நீட்சி வந்து சேரும். ஒத்திசைவை நிறுத்திவிட்டு இரண்டையும் சரிசெய்த பின்னரே மீண்டும் இணைக்க வேண்டும். இவை தவிர மேசைத்திரைக் குறுவழியின் பண்புகளில், நிரலின் பெயர் முடிந்து மேற்கோள்குறி மூடிய பிறகு ஓர் இணைய முகவரி ஒட்டப்பட்டிருப்பதும், பதிலி வழங்கி (பிராக்ஸி) அமைப்பும், களப்பெயர்களின் முகவரிகளைக் கணினியிலேயே குறித்து வைக்கும் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பும் பார்க்க வேண்டியவை. குரோமுக்குள் இருந்த துப்புரவுக் கருவியை 2023இல் 111ஆம் பதிப்போடு கூகுள் எடுத்துவிட்டதால், இவற்றைத் தமிழில் விளக்கி எழுத வேண்டிய தேவை கூடியிருக்கிறது.

‘நீங்கள் ரோபோ அல்லர் என்று காட்ட அனுமதியை அழுத்துங்கள்’ என்று ஏமாற்றி அறிவிப்பு அனுப்பும் அனுமதி வாங்கிக்கொண்டு, திரையின் மூலையில் வைரஸ் எச்சரிக்கையாகக் குவிபவற்றை வழிப்பறியில் சேர்க்க வேண்டாம். அங்கே நிறுவப்பட்ட நிரல் ஏதும் இல்லை. தள அமைப்பில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றால் நின்றுவிடும். ஏற்கெனவே ‘ஸ்பேம்’ என்பதற்கு எரிதம் என்ற சொல் இருப்பதால் ‘அறிவிப்பு எரிதம்’ போதும்.

இனிக் குழுமம் தீர்மானிக்க வேண்டியது ஒன்று. டி.என்.எஸ். சேஞ்சர் போன்றவற்றை ‘களப்பெயர் வழிப்பறி’ என்று இதே வாய்பாட்டில் எளிதாக அமைத்துவிடலாம். ஆனால் பயனர் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் அடையாளக் குக்கியைத் திருடி அவர் கணக்கில் புகும் ‘செஷன் ஹைஜாக்கிங்’ இதில் அடங்காது. அங்கே பறிபோவது வழியன்று, ஆள் அடையாளம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே வைக்க வேண்டியதில்லை என்று எண்ணுகிறேன். அதற்கு ‘அமர்வுத் திருட்டு’ பொருந்துமா என்பதைத் தனி இழையில் பேசலாம். ‘வழிப்பறி’, ‘மீள்முளைப்பு’ ஆகிய இரண்டின் மீதான மறுப்புகளை மட்டும் இங்கே தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினர் ஒருவர்